அக்காவோடு பேச நூறு வாக்கியங்கள்

இன்றும் சரியாக ஐந்தரைக்கு மேசைமேல் இருந்த போன் கூப்பிட்டது. "ஓலா, ஃப்ளோரா!" என்றாள் அதில் பேசும் பெண். ஐந்து நிமிடம் ஸ்பானிஷ் படிக்கலாமா என்று எப்போதும்போல உற்சாகமாகக் கேட்டாள். எதிர் மேசையில் ஷிப்பிங் பில் அடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். நீ போய் இரண்டு மாதமாகிறது. இன்னும் ஏன் அதை நிறுத்தாமல் வைத்திருக்கிறேன் என்று கேட்க அவளுக்குக் கூச்சம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீதி இருந்த இரண்டு கப்பல் காகிதங்களையும் முடித்தேன். முன்பென்றால் அந்தக் குரல் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு மில்லர்புரம் பஸ்ஸுக்கு ஓடுவேன். இப்போது ஐந்தரைக்கு எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ என்று எழுதுகிறேன். அம்மா இருந்தால் கையில் அடித்திருப்பாள். நீ வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆன அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. பூசை முடிந்து கோவில் வாசலில் நீ நின்றபோது ஓடி வந்து, "அக்கா, நீ எப்ப வீட்டுக்கு வருவ?" என்று உன் வெள்ளை உடுப்பைப் பிடித்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "ஏளா, இனிமே நீ வா போன்னு பேசக்கூடாது. சிஸ்டர்னு சொல்லு. நீங்கன்னு சொல்லு." நீ சிரித்தாய். வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகள் உன்னை நீங்க என்றே கூப்பிட்டேன்.

பிறகு சபை உன்னைப் பொலிவியாவுக்கு அனுப்பியது. பள்ளிக்கூட வரைபடத்தில் அந்த நாட்டைத் தேடி எடுத்து அம்மாவுக்குக் காட்டினேன். சுற்றிலும் வேறு வேறு நாடுகள், எந்தப் பக்கமும் கடல் இல்லை. அம்மா அதை வெகுநேரம் நம்பவில்லை. "கடல் இல்லாத ஊர்ல மீனுக்கு என்ன செய்வா?" என்று மட்டும் கேட்டாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் நீ அங்கே ஒரு மலைக் கிராமத்தில் பள்ளிக்கூடம் நடத்தினாய். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து, வந்தவர்களுக்கெல்லாம் ஜெபமாலை கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாய்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் மதுரை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வந்தாய். பக்கவாதம். வலது கை மடியில் கிடந்தது. "வாங்க சிஸ்டர்" என்றேன். நீ என் வாயைப் பார்த்தாய். கண்ணைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தாய். பிறகு மளமளவென்று என்னவோ சொன்னாய். கூடவே வந்த கேரளத்துச் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தமிழும் போயாச்சு, இங்கிலீஷும் போயாச்சு. ஸ்பானிஷ் மட்டும்தான் நிக்குது" என்றார். ஊர் டாக்டரும் அப்படி நடப்பதுண்டு என்றார். தினமும் புழங்கிய மொழி தங்கிவிடுமாம். மற்றது திரும்பி வரலாம், வராமலும் போகலாமாம்.

கேரளத்துச் சிஸ்டர் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனார். மில்லர்புரத்தில் உங்கள் சபை வைத்திருக்கும் வயதான சிஸ்டர்களுக்கான இல்லத்தில் எட்டுப் பேருக்கு நடுவே நீ ஒருத்தி மட்டும் வேறு மொழி பேசிக்கொண்டு இருந்தாய். நான் வாரம் ஒருமுறை வந்து பக்கத்தில் உட்கார்ந்து உன் கையைத் தடவிவிட்டுப் போவேன். அவ்வளவுதான் செய்ய முடியும் என்று நினைத்திருந்தேன்.

அந்த இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் ஜெசிந்தா ஒருநாள் ஆபீசுக்கே போன் பண்ணினார். "ஃப்ளோரா அக்கா, இவங்களுக்குச் சப்பாத்தி ரொம்பப் பிடிக்குமோ? காலையிலும் சப்பாத்திதான் கேக்காங்க, ராத்திரியும் சப்பாத்திதான் கேக்காங்க. சுட்டுக் கொடுத்தா தட்டைத் தள்ளிவிட்டுட்டு அழுதாங்க. மூணு வாரமா இதே பாடு."

மாலையில் வந்தேன். நீ காலைக் காட்டி, "சப்பாத்தோஸ், சப்பாத்தோஸ்" என்றாய். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் அம்மா செருப்பை ஒருநாளும் செருப்பு என்று சொன்னதில்லை. கோவிலுக்குப் போகும்போது "சப்பாத்தைப் போடு" என்பாள். போர்ச்சுக்கீசியர் காலத்து வார்த்தை, நம் கடற்கரையில் பழைய ஆட்கள் வாயில் இன்னும் இருக்கிறது. ஸ்பானிஷிலும் கிட்டத்தட்ட அதேதான் போலிருக்கிறது. உன் பெட்டியைத் திறந்து அடியில் கிடந்த கறுப்பு ஷூவை எடுத்து மாட்டிவிட்டேன். வெறுங்காலோடு மூன்று வாரம் படுத்திருந்திருக்கிறாய். நீ என் தலையில் இடது கையை வைத்தாய். சிஸ்டர் ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அன்றைக்குத்தான் போனில் அந்தப் பாடத்தை ஏற்றினேன். அன்றாட உரையாடலுக்கு நூறு வாக்கியங்கள். ஆபீஸ் டைரி ஒன்றின் பின்பக்கத்திலிருந்து தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். கோமோ எஸ்தா உஸ்தே, எப்படி இருக்கிறீர்கள். தியேனே ஆம்ப்ரே, பசிக்கிறதா. தோந்தே எஸ்தா, எங்கே இருக்கிறது. மாஸ் தெஸ்பாசியோ, இன்னும் மெதுவாக. ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு எழுதிய பாடம் என்பதால் பாதிக்குமேல் ரயில், ஓட்டல், கடை. சமையல் செய்துகொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் சேவியர் படகு இஞ்சின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு வந்து வாசலில் நின்று கேட்பார். "ஏளா, ஐம்பத்தாறு வயசுல கப்பல் ஏறப் போறியா?" என்பார். பிறகு அவரே டைரியை வாங்கிக் கேள்வி கேட்பார். ஓட்டல்காரனாக அவர், சாப்பிட வந்தவளாக நான்.

முதல் நாள் உன் கட்டிலருகே நின்று மனப்பாடமாக ஒப்பித்தேன். "கோமோ எஸ்தா உஸ்தே?"

நீ திடுக்கிட்டுத் திரும்பினாய். பிறகு தலையை ஆட்டி மறுத்தாய். "நோ உஸ்தே. தூ." என் கையில் விரலால் தட்டினாய். "தூ, ஃப்ளோரா. தூ."

எனக்குப் புரியவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். பஸ்ஸில் போனைத் தட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உஸ்தே என்றால் நீங்கள். தூ என்றால் நீ. அம்மா என் வாயிலிருந்து எடுத்ததை நீ அந்த மொழியில் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பஸ்ஸில் சில்லறை வாங்கிக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினேன். மறுநாள் "கோமோ எஸ்தாஸ்?" என்று கேட்டேன். "பியென்" என்றாய்.

அப்படித்தான் ஐந்தரை மணி வழக்கமாயிற்று. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை, ஞாயிறு தவிர மற்ற எல்லா நாளும். நான் டைரியைப் பார்த்துச் சொல்வேன், நீ திருத்துவாய். போனில் பேசுகிறவள் 'யா' என்று சொல்லும் இடத்திலெல்லாம் நீ 'லியா' என்றாய். உன் மலை நாட்டு உச்சரிப்பு அது. நான் போன்காரியைப் பின்பற்றினால் உனக்குக் கோபம் வரும். சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாத நாளில் டீ டம்ளரைக் காட்டி, "லா க்வெந்தா, போர் ஃபவோர்" என்பேன். ஓட்டலில் பில் கொண்டுவரச் சொல்லும் வாக்கியம். நீ கோணிய வாயோடு சிரிப்பாய். நாற்பது ஆண்டுகளில் நாம் இருவரும் சேர்ந்து அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. பசிக்கிறதா, வலிக்கிறதா, மழை பெய்கிறது, இன்று வெயில் அதிகம். அதற்குமேல் பேச என்னிடம் மொழி இல்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஏன் வசதி என்று இனி சொல்லிவிடலாம்.

ஏழு ஆண்டுக்கு முன் அம்மா படுத்தாள். திடீரென்று போய்விட்டாள் என்று உனக்குச் சொன்னேன். திடீரென்று இல்லை. இரண்டு மாதம் கிடந்தாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு நீ மலையிலிருந்து சிக்னல் கிடைக்கும் ஊருக்கு இறங்கி வந்து போன் பண்ணுவாய். நான்தான் எடுப்பேன். "அம்மா தூங்குதாங்க சிஸ்டர்" என்பேன். அம்மா உள்ளே முழித்துக்கொண்டு படுத்திருப்பாள். "அக்காட்ட சொன்னியா?" என்று கேட்பாள். "சொல்லிட்டேம்மா. வாராங்க" என்பேன். அவள் கடைசி வாரம் வரை வாசலைப் பார்க்கும்படி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள். திருப்பிப் போட்டேன்.

வேறு யாரும் எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. உன்மேல் கோபம். மலம் எடுத்தது நான், துணி அலசியது நான், பார்க்க வருகிறவர்களிடம் அம்மா காட்டியது சுவரில் மாட்டியிருந்த உன் போட்டோவை. நீ வந்தால் இரண்டு நாள் இருந்து ஜெபம் சொல்லிவிட்டுப் போவாய், ஊரே உன்னைச் சுற்றி நிற்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். அடக்கம் முடிந்த பிறகு உன்னைக் கூப்பிட்டேன். "ஏன் ஃப்ளோரா முன்னாலயே சொல்லல?" என்று கேட்டாய். "திடீர்னு ஆயிட்டு சிஸ்டர்" என்றேன். நீ நம்பினாய். அதற்கடுத்த விடுமுறை கொரோனாவில் போயிற்று. பிறகு நீ விடுமுறை கேட்கவேயில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஆபீஸ் அரைநாள்தான், மதியமே உன்னிடம் வந்துவிட்டேன். அன்று எழுபத்திரண்டாவது வாக்கியம் வந்தது. தே யாமோ மஞ்யானா. நாளைக்கு உன்னைக் கூப்பிடுகிறேன். அதை உன்னோடு சேர்ந்து நான்கைந்து முறை சொன்னேன். யாமோ என்ற சொல் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது. அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அந்த மொழி தெரிந்தவள் நீ ஒருத்திதான். இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. முழுதாக உனக்குப் புரியாமல் போனாலும் சொன்னதாக ஆகிவிடும் என்றும் தோன்றியது. அதுதான் உண்மையான காரணம், மறைக்கவில்லை.

தெரிந்த சொற்களை வைத்துக் கட்டினேன். "மாமா எஸ்தா என்ஃபெர்மா. தோஸ் மெசெஸ். யோ நோ தே யாமோ."

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இரண்டு மாதம். நான் உன்னைக் கூப்பிடவில்லை. அப்படித்தான் சொன்னதாக நினைத்தேன். ஆனால் அந்த நூறு வாக்கியத்தில் நடந்து முடிந்ததைச் சொல்லும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இன்றைக்கு, இப்போது, இந்த நிமிடம். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

உன் முகம் மாறியது. "மாமா? என்ஃபெர்மா?" என்றாய். "தோந்தே எஸ்தா?"

எங்கே என்று கேட்டாய். அம்மா போனது உன் நினைவிலிருந்தும் அழிந்திருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகியிருந்தேன். "கீழவைப்பார்" என்றேன். நம் சொந்த ஊர். அம்மா இருப்பதும் அங்கேதான்.

நீ இடது கையைக் கட்டிலில் ஊன்றி எழுந்தாய். ஆறு மாதத்தில் நீயாக எழுந்தது அன்றுதான். "வாமோஸ்" என்றாய். "வாமோஸ், ஃப்ளோரா." போவோம். காலால் ஷூவைத் தேடினாய்.

சத்தம் கேட்டுச் சிஸ்டர் ஜெசிந்தா ஓடி வந்தார். "என்ன ஆச்சு? மாமா மாமாங்காங்களே, எந்த மாமாவுக்கு என்ன?"

"மாமா இல்ல சிஸ்டர். அவங்க பாஷைல அம்மா. எங்க அம்மாவுக்குச் சீக்குன்னு நினைச்சிட்டாங்க. நான் சொன்னதுதான்."

"உங்க அம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"கூட்டிட்டுப் போறேன்."

அவர் மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக் கொடுத்தார். சேவியர் ஒர்க்‌ஷாப் முதலாளியின் காரைக் கேட்டு வாங்கி வந்தார். உன்னை முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டு என்னிடம் கிசுகிசுத்தார். "ஏளா, மாமி செத்து ஏழு வருசமாச்சு. எங்கன கூட்டிட்டுப் போற?"

"அம்மாட்டதான்."

"அங்க போயி என்ன சொல்லுவ?"

"தெரியல. வண்டிய எடுங்க."

தருவைகுளம் தாண்டி, வேப்பலோடை தாண்டிப் போனோம். இரண்டு பக்கமும் உப்பளம் கண்ணைக் கூசியது. நீ சாலையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "எஸ்தா லெஹோஸ்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். தூரமா? "செர்கா" என்றேன் ஒவ்வொரு முறையும். பக்கம்தான். வழி கேட்கிற பயணிக்கு எழுதிய வாக்கியங்கள் அன்றைக்குத்தான் முழுசாக உதவின. வைப்பாரில் திரும்பிக் கீழவைப்பார் போனதும் கோவிலுக்குப் பின்னால் கடல் தெரிந்தது. "எல் மார்" என்றாய்.

நம் பழைய வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்ப நீ கை காட்டினாய். நான் தலையாட்டவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தச் சொன்னேன். இறங்கியதும் உனக்குப் புரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் நீ எதுவும் கேட்கவில்லை. என் தோளில் சாய்ந்து மணலில் ஒவ்வொரு அடியாக நடந்தாய். சேவியர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

அம்மாவின் கல்லில் இருந்த எழுத்தை விரலால் தடவினாய். தமிழ் எழுத்து உனக்கு வெறும் கோடாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் கீழே எண்கள் இருந்தன. எண்களை வாசித்தாய். வருடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாய். பிறகு குனிய முயன்றாய், முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். இடது கையால் மணல் அள்ளிக் கல்லின்மேல் போட்டாய். மூன்று முறை போட்டாய், அடக்கத்தன்று குழிக்கு எதிரே நின்று எல்லோரும் போடுவது மாதிரி.

நிமிர்ந்து என்னைப் பார்த்து, "லியெகே தார்தே" என்றாய்.

தார்தே மட்டும் காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்த தார்தே, மாலை வணக்கம் சொல்லும்போது வரும் தார்தே. மணியும் நான்கு ஆகியிருந்தது. மாலையாகிவிட்டது என்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

"சீ" என்றேன். ஆமாம்.

நீ தலையசைத்தாய். காரில் ஏறினோம்.

அன்று சாயங்காலம் சோறு உலையில் இருந்தபோது அந்த முதல் சொல்லைப் போனில் சொல்லிப் பார்த்தேன். லியெகே என்றால் அதற்குப் புரியவில்லை. நீ 'லியா' சொல்லும் இடத்தில் அவள் 'யா' சொல்வாள் என்பது நினைவுக்கு வந்து, "யெகே தார்தே" என்றேன். திரையில் வந்துவிட்டது. தாமதமாக வந்துவிட்டேன்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாமதமாக வந்துவிட்டேன் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஆமாம் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

"என்னளா ஆச்சு?" என்று சேவியர் முற்றத்திலிருந்து கேட்டார்.

"சோறு குழைஞ்சிட்டு" என்றேன். குழைந்துதான் போயிருந்தது. அதையே சாப்பிட்டோம்.

போனில் இரண்டாம் பாகம் என்று ஒன்று இருந்தது. நடந்து முடிந்தவற்றைச் சொல்லும் பாடம். நூறும் முடிக்காமல் அதற்குத் தாவினேன். ஞாயிறு முழுக்க அதுதான். திங்கட்கிழமை வந்தபோது உனக்குக் காய்ச்சல், தூங்கினாய். செவ்வாய்க்கிழமை நீ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நான் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிறவள் மாதிரி நின்றுகொண்டு சொன்னேன்.

"நோ யெகாஸ்தே தார்தே. யோ தே யாமே தார்தே."

நீ தாமதமாக வரவில்லை. நான்தான் தாமதமாகக் கூப்பிட்டேன்.

நீ கேட்டாய். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறகு விரலைத் தூக்கி, "லியாமே" என்றாய். என் உச்சரிப்பைத் திருத்தினாய்.

"யோ தே லியாமே தார்தே" என்றேன்.

இன்னொரு முறை என்று கை காட்டினாய். சொன்னேன். இன்னும் உரக்க என்று காட்டினாய். உரக்கச் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த வயதான சிஸ்டர் ஜெபப் புத்தகத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. மூன்றாம் முறை முடிந்ததும், "முய் பியென்" என்றாய். மிக நன்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் மலைப்பிள்ளைகளிடம் சொன்ன சொல்லாக இருக்கும். பிறகு டம்ளரைக் காட்டி டீ கேட்டாய். ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த முய் பியென் என் உச்சரிப்புக்கா, வேறு எதற்காவதா என்று தெரியாது. 'என்ன சொல்ல வருகிறாய்?' என்று கேட்கும் வாக்கியம் டைரியில் இருக்கிறது, ஐம்பத்து நான்காவது. கேட்கவில்லை. அதன்பிறகு பதினொரு நாள் இருந்தாய். பதினொரு நாளும் வந்தேன். வெயிலைப் பற்றிப் பேசினோம்.

பன்னிரண்டாம் நாள் விடிந்ததும் சிஸ்டர் ஜெசிந்தா கூப்பிட்டார். "ஃப்ளோரா அக்கா, பதறாம வாங்க" என்றார். நான் பதறவில்லை. உன்னைச் சபையின் கல்லறையில் வைத்தார்கள், அம்மாவிடம் இல்லை. அதுதான் உங்கள் முறை. வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து, "அழுதுருளா, நெஞ்சுல வச்சுக்கிடாத" என்றார்கள். கண் வறண்டு கிடந்தது. பெட்டியை மூடும்முன் ஷூ போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தேன். போட்டிருந்தார்கள். மறுநாள் வேலைக்குப் போனேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஆபீசில் யாராவது சிரிப்புக் காட்டினால் சிரிக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்கு வீடியோ அழைப்பு வந்தது. உன் சாமான்களோடு சிஸ்டர் ஜெசிந்தா என்னிடம் கொடுத்திருந்த போன். எடுத்தால் தலையில் வட்டத் தொப்பி, இரட்டைப் பின்னல், உன் வயது இருக்கும் ஒரு அம்மாள். தோன்யா ஹுலியா. உன் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்து உன்னோடு முப்பது ஆண்டு இருந்தவள். அவள் பேசியதில் பாதி ஓடிவிட்டது. "மாஸ் தெஸ்பாசியோ" என்று கெஞ்சினேன். நான் யார் என்று கேட்டாள். "சோய் சு எர்மானா" என்றேன். நான் அவளுடைய சகோதரி. அவர்கள் ஊரில் கன்னியாஸ்திரிக்கும் அதே சொல்தானாம். நானும் ஒரு சிஸ்டர் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதைத் தெளிவாக்கவே பத்து நிமிடம் ஆயிற்று.

உன் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்டாள். சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? சாப்பிட்டாள், தூங்கினாள், காய்ச்சல் வந்தது, அம்மாவைப் பார்க்கப் போனாள் என்றேன். எல்லாவற்றையும் முடிந்துபோனதாகவே சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவள் மற்றதையும் சொல்லிவிட்டேன். அம்மா இரண்டு மாதம் சீக்காகக் கிடந்தாள், நான் அக்காவைக் கூப்பிடவில்லை. இந்த முறை தப்பில்லாமல் சொன்னேன். அவளுக்குச் சரியாகவே புரிந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு கோழி குறுக்கே போயிற்று. பிறகு அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டாள். ரோசம்மா என்றேன். எப்படி இருப்பாள் என்று கேட்டாள். "பெக்கெஞ்யா" என்றேன். குள்ளம்.

கல்லறைத் திருநாளன்று சேவியரும் நானும் உனக்கு மில்லர்புரத்திலும் அம்மாவுக்குக் கீழவைப்பாரிலும் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தபோது ஹுலியா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். அங்கே அந்த நாளில் இறந்தவர்களுக்காக ஆள் உருவத்தில் ரொட்டி சுடுவார்களாம். மேசையில் இரண்டு ரொட்டி மனுஷிகள். முக்காடு போட்ட பெரியது ஒன்று, பக்கத்தில் சின்னது ஒன்று. சேவியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மாமி இம்புட்டுக் குண்டு இல்லயே" என்றார். நான் போனை வாங்கி வைத்துவிட்டு மீன் கழுவப் போனேன்.

இப்போது ஞாயிறுதோறும் ஹுலியாவோடு பேசுகிறேன். போன ஞாயிறு அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். உனக்குத் தண்ணீர் என்றால் பயமா? கோடையில் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போனால் எல்லோரும் இறங்கிக் குளிப்பார்களாம். நீ மட்டும் கரையில் ஷூவோடு நிற்பாயாம். முப்பது ஆண்டில் ஒருமுறைகூட முழங்காலுக்குமேல் நனைந்ததில்லையாம். பாவம், எர்மானாவுக்கு நீச்சல் தெரியாது என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்களாம்.

எனக்குச் சொல் கிடைக்கவில்லை. இரு என்று சொல்லிவிட்டு, டைரியையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தேடினேன். அவள் காத்திருந்தாள்.

"நதாபா" என்றேன். நீந்துவாள். எங்கள் அப்பா சங்கு குளிக்கிறவர், அவர்தான் பழக்கினார். ஊர்ப் பையன்கள் எல்லாரும் பாதியில் திரும்பிவிட, நங்கூரம் போட்டு நிற்கும் வள்ளம் வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்புவாள். அம்மா கரையில் நின்று கத்துவாள். இவ்வளவையும் துண்டு துண்டாகச் சொன்னேன்.

ஹுலியா விழுந்து விழுந்து சிரித்தாள். எர்மானாவா? இல்லவே இல்லை, நீ வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறாய் என்றாள்.

எனக்கு அப்போது ஐந்து வயது. உன் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தேன். அவளை எப்படி நம்பவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"யோ லா வி" என்றேன். நான் பார்த்தேன்.